அப்பா மேல இருக்கிற மண்ணு

செடிக்குத் தண்ணி ஊத்தறதுன்னா பக்கெட்டக் கவுக்கறதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கிற ஜனங்க மேல எனக்கு வர்ற கோபம் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. மொட்டை மாடியில நாலு தொட்டி வச்ச நாள்லேருந்து இருக்கு. ஆனா அது தலைக்கு ஏறினது எங்க அப்பா செத்த வருஷம்தான். என் தம்பி, அத்தைங்க, பக்கத்துக் கல்லறைக்கு வர்றவங்க, ஒருத்தரையும் நான் விட்டு வைக்கல. எதுக்குடி இவ்வளவு சண்டைன்னு என் வீட்டுக்காரரே கேட்டாரு. ஒரு ஆளு படுக்கிற அளவு மண்ணுக்குத்தான்.

எங்க அப்பா கோலார் தங்கவயல்ல மைன்ஸ்ல வேல செஞ்சவரு. அண்டர்கிரவுண்ட் வேல. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி கூண்டுல ஏறி உள்ள போனா, வெளிய வர்றப்ப மூக்கு, காது, கண்ணிமை எல்லாம் கல்லுத் தூசியா இருக்கும். மைன்ஸ மூடினப்புறம் எல்லாரையும் போல நாங்களும் பெங்களூருக்கு வந்துட்டோம். இங்க ஒரு அபார்ட்மெண்ட் கேட்ல செக்யூரிட்டியா உக்காந்து மிச்ச காலத்த ஓட்டினாரு. நெஞ்சுல போன தூசி மட்டும் வெளிய வரவே இல்ல. கடைசியில நுரையீரல், இதயம், கிட்னின்னு ஒண்ணு ஒண்ணா கைய விட்டுச்சு.

சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, நீலசந்திராவுல என் வீட்டுக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, எல்லாரும் இருக்கறப்பதான் சொன்னாரு. அம்மா இருந்துச்சு, தம்பி இருந்தான், நான் இருந்தேன். "ஆயுசு பூரா கல்லுக்கு அடியிலயே இருந்துட்டேன். செத்தப்புறமும் எம்மேல கல்லத் தூக்கி வைக்காதீங்க. மண்ணப் போட்டு மூடுங்க. ஏதாச்சும் ஒரு செடி வைங்க, போதும்."

தம்பி தலைய ஆட்டினான். அவன் தலைய ஆட்டினத என் ரெண்டு கண்ணால பாத்தேன். அதனாலதான் சொல்றேன்.

ஜனவரியில அடக்கம் பண்ணோம். எங்க கிறிஸ்தவ ஜனங்க சுடுகாடுன்னு சொல்லமாட்டோம், கல்லறைத் தோட்டம்னுதான் சொல்லுவோம். பேருதான் தோட்டம். உள்ள போய்ப் பாத்தா கிரானைட்டு, டைல்ஸ், சிமெண்டு, நடக்கற வழியில கூட சிமெண்டு. எல்லாக் கல்லறையும் ஹோட்டல் மேசை மாதிரி பளபளன்னு இருக்கு. அதுக்கு நடுவுல எங்க அப்பாவோட மண்ணு மேடு மட்டும் மஞ்சளா, கட்டி கட்டியா, முழிச்சிக்கிட்டு நின்னுச்சு.

அடக்கம் முடிஞ்ச முப்பதாம் நாளு நான் ஒரு ரோஜாக் கன்னு கொண்டுபோய் வச்சேன். நாட்டு ரோஜா, வாசனை ரோஜா. பெங்களூர் குளுருக்கு ரோஜா தானா வரும்னு எல்லாரும் சொல்றாங்களே. ஒரு மாசத்துல குச்சியாப் போச்சு. தோண்டிப் பாத்தா, நான் எந்தத் தொட்டி மண்ணோட வச்சேனோ அந்த உருண்டைய விட்டு ஒரு வேரு வெளிய எட்டிப் பாக்கல. அந்த மண்ணுக்குள்ள போறதுக்கு அதுக்கு மனசு வரல. எனக்கே கரண்டி உள்ள எறங்கலன்னா வேருக்கு எப்படி எறங்கும்?

அப்புறம்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. குழி வெட்டறப்ப என்ன நடக்குது? மேல இருக்கிற நல்ல மண்ணு, இலை மக்கி, புழு பூச்சி ஓடி, கருப்பா பதமா இருக்கிற மண்ணு, அது மொதல்ல வெட்டி எடுக்கப்படும். ஆழத்துல கெடக்கற உயிரில்லாத களிமண்ணு கடைசியா வரும். திரும்ப மூடறப்ப கைக்கு எது கிடைக்குதோ அதத் தள்ளுவாங்க. நல்ல மண்ணு அடியில போயிடும், செத்த மண்ணு மேல நிக்கும். வெய்யிலு பட்டா செங்கல்லு. மழ பெஞ்சா சேறு. தண்ணிய ஊத்தினா உள்ள போகாம நாலா பக்கமும் ஓடும். அதப் பாத்துட்டு, ஆகா, ஈரமா இருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு வீட்டுக்குப் போற ஜென்மங்கள என்ன சொல்றது?

அந்த ஜென்மத்துல மொத ஆளு என் தம்பிதான். அவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில கம்பெனி, அங்கயே பிளாட்டு. அப்பா போனப்புறம் அம்மாவும் அவன்கூடத்தான். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழம அம்மாவக் கார்ல வச்சிக் கூட்டிக்கிட்டு வருவான். வந்ததும் நேரா அங்க இருக்கிற தண்ணித் தொட்டிக்குப் போயி பக்கெட்டு பக்கெட்டாக் கொண்டாந்து கவுப்பான். மாசம் பூரா வராததுக்குச் சேத்து ஒரே நாள்ல ஊத்தினா கணக்கு சரியாயிடும்னு அவன் நெனப்பு. பாவ மன்னிப்பா அது? ரெண்டாவது வச்ச கன்னு அப்படித்தான் செத்துச்சு. எலையெல்லாம் மஞ்சளாகி, பிடுங்கிப் பாத்தா வேரு கருப்பா, கொழகொழன்னு, அழுகின நாத்தம். மொதல்ல வச்சது தண்ணி இல்லாம செத்துச்சு, ரெண்டாவது தண்ணியில மூழ்கிச் செத்துச்சு. நான் அவன்கிட்ட சொன்னேன், டேய், களிமண்ணுல தண்ணி தேங்கினா வேருக்கு மூச்சு முட்டும், அழுது சொல்றதுக்கு செடி என்ன குழந்தையாடான்னு. அவன் நான் ஏதோ அவனத் திட்டறதுக்காகவே செடி வளக்கறேன்னு சொன்னான்.

அன்னிக்குத்தான் அவன் அந்தப் பேச்ச எடுத்தான். சுத்திவர எல்லாரு வீட்டுக் கல்லறையும் நல்லா இருக்கு, நம்ம அப்பாது மட்டும் குப்பமேடு மாதிரி கெடக்கு, வர்றவங்க நம்மளத்தான் கேவலமா நெனப்பாங்க, மண்ணு அமுங்கி நிக்க ஒரு வருஷம் ஆகும், வருஷப் பூசைக்கு கருப்பு கிரானைட்டு போட்டு அப்பா போட்டோவப் பொறிச்சிடலாம்னான். அப்பா என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். இருக்கு, ஆனா அப்பா செடி வைக்கச் சொன்னாரு, குச்சி வைக்கச் சொல்லலன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கொன்னவனே குச்சின்னு கேலி பேசறான். கடைசியில அம்மா முன்னாடி ஒரு முடிவு ஆச்சு. வருஷப் பூசைக்குள்ள அந்த மண்ணுல ஒரு செடி உயிரோட நிக்கணும். நின்னா கல்லு வேணாம். நிக்கலன்னா கல்லு. அம்மா ஜெபமாலைய உருட்டிக்கிட்டு இருந்துச்சு. அது அப்பா போனதுலேருந்தே பெரிசா எதுவும் பேசறது இல்ல.

சரி, பாத்துடறேன்னு எறங்கிட்டேன்.

விவேக் நகர்ல கோயில் தெருவுல எனக்கு ஒரு ஆல்டரேஷன் கடை இருக்கு. துணி குறைக்கறது, ஜிப்பு மாத்தறது, ஜாக்கெட்டு பிரிச்சுத் தைக்கறது. காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடி கல்லறைக்குப் போயிட்டு வருவேன். பஸ்ஸுல, மடியில மக்கின சாணி மூட்டைய வச்சிக்கிட்டு. பக்கத்துல உக்காந்த பொம்பளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு எழுந்து போவாங்க. போங்க, எனக்கு ஜன்னல் சீட்டு கிடைக்குது. மக்கின சாணின்னா மண்ணு வாசனதான் வரும், நாத்தமே வராது. நாத்தம் வந்தா அது மக்கலன்னு அர்த்தம். பச்ச சாணியப் போட்டா வேரு வெந்துடும். இதெல்லாம் தெரியாம மூக்கப் பொத்தறவங்களுக்கு நான் என்ன பாடமா எடுக்க முடியும்?

மேல் மண்ண ஒரு முழத்துக்குக் கொத்தி எடுத்தேன். கட்டியெல்லாம் உடைச்சேன். சாணி, காஞ்ச எல, தேங்கா நாரு தூளு, கொஞ்சம் ஆத்து மணல்னு கலந்து கலந்து திரும்பப் போட்டேன். வெறும் மணல மட்டும் களிமண்ணுல கலந்தா சிமெண்டு மாதிரி ஆயிடும்னு மொதல் தடவ செஞ்சிப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன், அந்தப் பாவத்த யாருகிட்ட சொல்றது. கால்மாட்டுப் பக்கம் தண்ணி வடியறதுக்கு ஒரு சின்ன வாய்க்கா வெட்டி உடைஞ்ச ஓட்டுத் துண்ட நெரப்பினேன். மேல காஞ்ச சருகப் பரப்பி மூடினேன். ஒரு மழ வந்தா மண்ணு அமுங்கி மேடு எறங்கும். மறுபடி கொண்டாந்து கொட்டுவேன். வாட்ச்மேன் பாத்துப் பாத்து, சாக்கு பிடம்மான்னு கன்னடத்துல சொல்லுவாரு, போதும் விடும்மான்னு. நான் விடல.

மழக்காலம் பொறந்ததும் மூணாவது கன்ன வச்சேன். இந்த தடவ என்னைத் தவிர எவனும் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு தம்பிக்கு, தம்பி பொண்டாட்டிக்கு, பக்கத்துக் கல்லறைக்கு வர்றவங்களுக்கு, எல்லாருக்கும் சொல்லிட்டேன். வெரல உள்ள விடு. ரெண்டாவது கணு வரைக்கும் காஞ்சிருந்தா ஊத்து. ஈரம் ஒட்டினா பக்கெட்டக் கீழ வையி. ஊத்தினாலும் குவளையால, வேரச் சுத்தி, மெதுவா, மண்ணு குடிச்சதுக்கப்புறம் அடுத்த குவளை. இவ்வளவுதான். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? ஆனா ஒருத்தனுக்கும் பொறும கிடையாது. பக்கெட்ட ஒரே கவுப்பா கவுத்துட்டு சிலுவ போட்டுட்டு ஓடணும். சிக்னல்ல மட்டும் அர மணி நேரம் நிப்பாங்க.

அந்தக் கன்னு பிடிச்சிக்கிச்சு. செப்டம்பர்ல செவப்பாத் துளிர் விட்டுச்சு. மண்ணக் கிளறினா புழு நெளிஞ்சிது. அந்தப் புழுவப் பாத்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி என் கல்யாணத்துல கூட சந்தோஷப்படல. அக்டோபர் கடைசியில ரெண்டு மொட்டு. போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பினேன். ஒரு கட்டை விரல் பொம்மைய அனுப்பினான். எனக்கு அது போதும்.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்துச்சு.

நவம்பர் ரெண்டாந் தேதி கல்லறைத் தோட்டம் எப்படி இருக்கும்னு எங்க ஜனங்களுக்குச் சொல்ல வேணாம். மாலை, மெழுகுவத்தி, சாம்பிராணி, பொரி. அதோட உப்பு மிளகு. செத்தவங்க கல்லறை மேல உப்பும் மிளகும் தூவி வேண்டிக்கறது எங்க வழக்கம். கிரானைட்டு மேல தூவினா மறுநாள் கூட்டித் தள்ளிடுவாங்க, ஒண்ணும் ஆகாது. ஆனா எங்க அப்பா மேல இருக்கறது மண்ணு. மண்ணுல உப்புப் போட்டா என்ன ஆகும்னு சமையல்கட்டுல நிக்கற எவளுக்கும் தெரியணும். ஊறுகாய்க்கு எதுக்கு உப்புப் போடறோம்? காயில இருக்கிற தண்ணிய இழுக்கத்தானே. வேருக்கும் அதே கதிதான்.

நான் முன்னாடியே யோசிச்சு ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் கொண்டு போயிருந்தேன். உப்பு, மிளகு, மெழுகுவத்தி எல்லாம் அதுலதான், மண்ணு மேல எதுவும் படக்கூடாதுன்னு கால்மாட்டுல உக்காந்து காவல் காத்தேன். சும்மா விடுவாங்களா? பெரிய அத்த, அப்பாவோட அக்கா, மொதல்ல ஆரம்பிச்சுது. எந்தம்பிக்கு நான் உப்புப் போடறதத் தடுக்க நீ யாருடி, தட்டுல போட்டா அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்னு. போய்ச் சேரும் அத்த, மண்ணுல போட்டா மட்டும் விலாசம் எழுதியா அனுப்பறோம்னு நானும் கேட்டேன். சின்ன அத்த ஒரு பக்கம் அழுதுச்சு. தம்பி என்னைத் தனியாக் கூப்பிட்டு, எல்லாரும் பாக்கறாங்க, கலாட்டா பண்ணாதக்கான்னு கெஞ்சினான். நான் அசையல. அத்தைங்க முணுமுணுத்துக்கிட்டே தட்டுல போட்டாங்க.

கல்லறைங்கள மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கறதுக்காக பங்குச் சாமியார் வரிசையா வந்துக்கிட்டு இருந்தாரு. எங்க வரிசைக்கு வர நேரமாகும்னு, குவளையில தண்ணி பிடிச்சிட்டு வரப் போனேன். குழாயில கூட்டம். திரும்பி வந்து பாத்தா செடியச் சுத்தி வெள்ளையாக் கெடக்கு. தூவினது இல்ல. கொட்டினது. கல்லுப்பு, ஒரு பாக்கெட்டு முழுசா. சருகெல்லாம் விலக்கிட்டு, நேரா வேருல.

 பெரிய அத்தையப் புடிச்சிக்கிட்டேன். வயசுக்கு மரியாத இல்லாம, வாயில வந்ததெல்லாம் கேட்டேன். பழி வாங்கறதுக்கு உனக்கு உன் தம்பி நெஞ்சுதான் கிடைச்சுதான்னு கேட்டேன். அத்த அம்மாவப் பாத்துச்சு. அம்மா தலமாட்டுல உக்காந்திருந்துச்சு. கையில காலி கவரு.

"நான்தான் போட்டேன்," அம்மா சொல்லுச்சு. "கடைசி ஆறு மாசம் உப்பு உப்புன்னு கேட்டாருடி. டாக்டர் சொன்னாருன்னு ஒரு கல்லு போடல நான். சாவறதுக்கு முந்தின நாளு கூட ஒரு துண்டு ஊறுகா கேட்டாரு."

 யாரு மேல கோபப்படறது? அம்மா மேலயா? சாகப் போறவருக்கு ஒரு துண்டு ஊறுகாயக் குடுக்காதேன்னு சொன்ன டாக்டர் மேலயா? கேட்டுக்கிட்டு சும்மா இருந்த எங்க எல்லாரு மேலயுமா? கோபம் போக எடமில்லாம எங்கிட்டயே நின்னுச்சு. அப்படி நிக்கற கோபம் எல்லாத்தயும் விட மோசம். உக்காந்து உப்ப அள்ள ஆரம்பிச்சேன். சாமியார் வந்து தண்ணி தெளிச்சிட்டுப் போனாரு. எழுந்திருக்கவே இல்ல நான்.

மேலாக இருந்தத அள்ளிட்டேன். ஆனா மண்ணு ஈரமா இருந்துச்சே, பாதி கரைஞ்சிடுச்சு. உப்பு எறங்கின மண்ணுக்கு ஒரே வழி, தண்ணி. இத்தன நாளா ஊத்தாதே ஊத்தாதேன்னு ஊரோட சண்ட போட்டவ, இப்ப நானே ஊத்த வேண்டியதாப் போச்சு. ஆனா கவுக்கறது இல்ல. உப்பு கரைஞ்சு அடியில எறங்கி, வாய்க்கா வழியா வெளிய போகணும், அதுக்கு மெதுவா, நிறைய, நிறுத்தாம ஊத்தணும். அங்க தொட்டியில வர்றது போர் தண்ணி, அதுவே உப்பு. தொட்டி ஓரத்துல வெள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்கும். உப்ப எடுக்க உப்புத் தண்ணியா? அதனால வீட்லேருந்து காவேரி தண்ணிய கேன்ல பிடிச்சு, வீட்டுக்காரர ஸ்கூட்டர்ல ஓட்டச் சொல்லி, காலையில ஒரு நடை, கடை மூடிட்டு ஒரு நடை. நீலசந்திராவுல நல்ல தண்ணி எப்ப வரும், எவ்வளவு வரும்னு அங்க இருக்கறவங்களக் கேட்டாத்தான் தெரியும். அதுல கேன் கேனா மண்ணுக்கு ஊத்தினா என் மாமியாரு சும்மா இருப்பாங்களா? அவங்ககிட்டயும் சண்ட.

விசாரிச்சு ஜிப்சம் வாங்கிப் போட்டேன், களிமண்ணுல பிடிச்சிக்கிட்ட உப்ப அது விடுவிக்கும்னு சொன்னாங்க. மழ வந்தா நல்லா இருக்கும்னு வானத்தப் பாத்தேன். தேவையில்லாதப்ப ரோட்டையே ஏரியாக்கற பெங்களூர் மழ, எனக்கு வேணும்னப்ப எட்டிப் பாக்கல.

எலையெல்லாம் ஓரம் கருகி, காகிதம் மாதிரி சுருண்டு, கொட்டிப்போச்சு. மொட்டு ரெண்டும் விரியாமலே காஞ்சுது. டிசம்பர்ல மூணு முள்ளுக் குச்சி மட்டும் நின்னுச்சு. தம்பி வந்து பாத்தான். இந்தத் தடவ கேலி பண்ணல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மெதுவாப் பேசினான். நீ உன்னால ஆனதச் செஞ்சிட்டக்கா, இதோட விட்டுடுவோம், நான் கல்லுக்குச் சொல்லிட்டேன்னான். முடிவு முடிவுதானேன்னான். நான் வருஷப் பூசை இன்னும் வரலன்னு மட்டும் சொன்னேன். எவ்வளவு சின்னப் பதிலு அது. 

ஆனா தண்ணிய நிறுத்தல. செத்ததுக்கு ஏன்டி ஊத்தறேன்னு வீட்டுக்காரரு கேட்டாரு. மண்ணுக்கு ஊத்தறேன்னேன். அது உண்மதான். செடி போனாலும் மண்ணு உப்பாவே இருந்தா அடுத்தது வைக்கவே முடியாது. மண்ண நாக்குல கூட வச்சிப் பாத்தேன். சிரிக்காதீங்க. அப்பா மேல இருக்கிற மண்ணுதானே.

வருஷப் பூசைக்கு முந்தின நாளு காலையில கல்லு வந்து எறங்குச்சு. கருப்புக் கல்லு, கண்ணாடி மாதிரி. அப்பா போட்டோ பொறிச்சு, ரெண்டு பக்கமும் தேவதூதரு. மதில் ஓரமா சாத்தி வச்சிட்டு, அத வைக்கறதுக்காக மேஸ்திரி சிமெண்டு கலக்க எடம் பாத்துக்கிட்டு இருந்தாரு. தம்பி அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்திருந்தான். நான் கடையத் தொறக்காம ஓடினேன்.

குச்சிக்குப் பக்கத்துல உக்காந்து நகத்தால அடித் தண்டச் சுரண்டினேன். பச்ச. கீழ, மண்ண ஒட்டி, நெல்லு அளவுக்கு ஒரு செவப்பு மூக்கு. துளிரு. சத்தம் போட்டு தம்பியக் கூப்பிட்டேன். குனிஞ்சு பாத்தான். எங்கன்னு கேட்டான். காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தான், பாத்துட்டு, அக்கா, இதப் போயி செடின்னு சொல்றியே, நாளைக்கு எல்லாரும் வருவாங்க, அவங்களுக்கு இந்தக் குச்சியக் காட்டவான்னான். எல்லாரும் எதுக்குடா வர்றாங்க, அப்பாவப் பாக்கவா, கல்லப் பாக்கவான்னு கத்தினேன். அவனும் கத்தினான். அப்பா பேர எழுதி ஒரு கல்லு வைக்கக் கூட வக்கில்லாத பையன்னு எல்லாரும் சொல்லணும், அதுதானே உன் ஆசைன்னான். அவன் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு எரக்கம் வரல. அப்ப வரல.

மேஸ்திரி கடப்பாரையத் தூக்கிக்கிட்டு வந்து, ஓரத்த வெட்டட்டுமான்னு கேட்டாரு. தம்பி அவரப் பாக்கல, என்னையும் பாக்கல, வெட்டுங்கன்னான். நான் மண்ணு மேலயே குறுக்க உக்காந்துட்டேன். அசிங்கம்தான். அம்பது வயசுப் பொம்பள, கல்லறை மேல கால நீட்டி உக்காந்து, எவன் கடப்பாரைய வைக்கறான்னு பாக்கறேன்னு சொல்றது அசிங்கம்தான்.

அம்மா அதுவரைக்கும் பக்கத்துக் கல்லறை விளிம்புல உக்காந்து சும்மா பாத்துக்கிட்டு இருந்துச்சு. எழுந்து கிட்ட வந்துச்சு. தம்பியப் பாத்து, சாதாரணமா, கடையில சாமான் கேக்கற மாதிரி கேட்டுச்சு.

"கல்ல வச்சிட்டா, நாளைக்கு என்னை இன்னா பண்ணுவ? நானும் இதே குழிக்குத்தானே வரணும்?"

தம்பி, அப்ப கல்ல எடுத்துடலாம்மா, இப்ப எதுக்கு அந்தப் பேச்சுன்னான். அம்மா விடல. இன்னிக்கு அவரு மேல கல்ல வைக்கறது, அப்புறம் எனக்காகத் தூக்கறது, அப்புறம் ரெண்டு பேரு மேலயும் சேத்து வைக்கறதான்னு கேட்டுச்சு. அவரு சொன்னத நீயும் கேட்ட, நானும் கேட்டேன், இத்தன நாளா என்னை ஒருத்தரும் கேக்கலன்னுச்சு. உண்மதான். நானும் அவனும் ஒரு வருஷமா அம்மா முன்னாடியே மல்லுக்கட்டினோம். உனக்கு என்ன வேணும்மான்னு ரெண்டு பேருல ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.

தம்பி முகத்தத் துடைச்சிக்கிட்டான். அப்புறம் மேஸ்திரி கிட்டப் போயி, கல்ல வண்டியில ஏத்திடுங்கன்னு சொன்னான். 

அம்மா மெதுவா மண்டி போட்டு என் பக்கத்துல உக்காந்துச்சு. சருக விலக்கிட்டு மண்ணுல கைய வச்சுது. கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போச்சு. ஒரு பிடி அள்ளி, பிசைஞ்சு, விரலுக்கு நடுவுல உதிர விட்டுச்சு. ஒரு வருஷமா அந்த மண்ணத் தொட்டு யாராச்சும் ஒரு வார்த்த நல்லதாச் சொல்லமாட்டாங்களான்னு ஏங்கினவ நான். அம்மா வாயத் தொறந்துச்சு.

"பொலபொலன்னு நல்லா வச்சிருக்க பாப்பா. எனக்குக் குழி வெட்டறவங்களுக்குச் சிரமம் இருக்காது."

எனக்குக் கோபம் வந்துச்சு. அந்த வருஷம் பூரா யாரு மேலயும் வராத கோபம். அம்மா கையப் புடிச்சு மண்ணுலேருந்து வெளிய இழுத்தேன். இப்பதான் வேரு புடிக்குது, இன்னும் பல வருஷத்துக்கு எவளும் இந்த மண்ணுல கைய வைக்கக் கூடாதுன்னு கத்தினேன்.